பத்தொன்பது மேற்கோளும் ஒரு வாசகரும்

எழுதுகிறவர்கள் ஊரெல்லாம் இருந்து, படிக்கிறவர் மட்டும் ஒருத்தரும் இல்லாத தொழில் ஒன்று உண்டென்றால், அது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதுதான்.

நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பெயர் கோமதி. ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன். சொன்னால் இந்தத் துணுக்குகளிலும் எனக்குக் கீழே நாலு பேர் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒற்றை அறை, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஜன்னலைத் திறந்தால் கோயில் மணிச் சத்தம். இப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஆறு வருஷத்தில் உருப்படியாக ஒரே ஒரு பேப்பர் எழுதினேன். அதை யாராவது ஒரு மனுஷப்பிறவி முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. உங்களில் யாராவது இப்படி ஒரு பேப்பரைப் பெற்று வைத்திருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

ஜன்னல் இல்லாத அறை

என் வேலை கார்பன் சேர்மங்களை வைத்து விளக்கு செய்வது. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டில், கண்ணுக்கே தெரியாத மெல்லிசாக அந்தப் பொருளைப் பூசி, கரண்ட் கொடுத்தால் பச்சையாக ஒளிரும். காற்றுப் பட்டால் செத்துப்போகும், ஈரம் பட்டால் செத்துப்போகும். ஒன்றுமே படாமல் வைத்தாலும் மெதுவாகச் செத்துப்போகும். எத்தனை மணி நேரத்தில் சாகிறது என்று பக்கத்திலேயே உட்கார்ந்து அளப்பதுதான் ஆராய்ச்சி. வெளி வெளிச்சம் ஒரு பொட்டு உள்ளே வரக்கூடாது. அதனால் லேப் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புச் சார்ட் ஒட்டியிருப்பேன். செல்போன் வெளிச்சம்கூட ஆகாது என்பதால் போனை வெளியே மேஜையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், அளவெடுப்பு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. எங்கள் கட்டடத்துக்கு ஜெனரேட்டர் கிடையாது. எந்த நிமிஷமும் கரண்ட் வரலாம், வரும்போது கதவு திறந்திருந்தால் அத்தனையும் வீண். அதனால் அந்தக் கும்மிருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் கொட்டாவி விட்டேன். அப்புறம் என்னவோ தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது. பயமா, அலுப்பா, இன்றைக்குக் காலையிலிருந்து ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையே என்கிற நினைப்பா, எதுவென்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கரண்ட் வந்தது, மெஷின் தானாக மறுபடி ஓடியது, நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்தால், வாட்ச்மேன் அண்ணன் கையில் சாவிக்கொத்தோடு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் ரெண்டடி பின்னால் போய்விட்டார்.

"யாத்தே, உள்ள ஆளு இருக்கீகளா? யாருமில்லைன்னுல்ல பூட்ட வந்தேன்!"

ஆறு பெயர்

பேப்பர் எழுதி முடித்ததும் எங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் கொண்டுபோனேன். முதல் பக்கத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அதைப் பார்த்து அவர் பட்ட வருத்தம் இருக்கிறதே, கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுதினார். டீன் பெயர். மெஷின் வாங்கும்போது கையெழுத்துப் போட்டவர் பெயர். அந்த மெஷினை வைக்க இடம் கொடுத்த பக்கத்து டிபார்ட்மென்ட்காரர் பெயர். ஐந்தாவதாக ஒருவர் பெயர்; அவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வெளிநாட்டில் இருக்கிறாராம், இருந்தால் நல்லதாம்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்கும். நடுங்கிய குரலிலேயே ஒரு வாரம் சண்டை போட்டு, வரிசையில் முதல் இடம் எனக்குத்தான் என்று வாங்கிவிட்டேன். எங்கள் உலகத்தில் முதல் பெயருக்குத்தான் மரியாதை; மீதிப் பேரெல்லாம் 'மற்றும் பலர்'. கடைசியில் மனசு கேட்காமல், "சார், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க சார்" என்றேன். அவர் என் மேல் உண்மையான பாசத்தோடு சிரித்தார்.

"படிக்கிறதுக்கா மேடம் இத்தனை பேரு சேர்ந்திருக்கோம்? தைரியமா அனுப்புங்க, நாங்கள்லாம் இருக்கோம்ல!"

முதல் பெயர், குடும்பப் பெயர்

சண்டை போட்டு வாங்கிய அந்த முதல் இடத்தை நானே என் கையால் தொலைத்த கதை இது. பேப்பரை வெளியிடுகிற ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்களின் படிவத்தில் ரெண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் முதல் பெயர், இன்னொன்றில் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். ஒற்றை எழுத்துப் போட்டால் படிவம் ஒத்துக்கொள்ளவில்லை. சரி போ என்று அப்பா பெயரை முழுசாக அடித்துவிட்டேன். சங்கரலிங்கம். பேப்பர் வெளிவந்தது. உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் கூடிப் பேசி, இதை எழுதியவர் சங்கரலிங்கம் என்று முடிவு செய்துவிட்டன. மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் 'சங்கரலிங்கமும் பிறரும்' என்றே எழுத ஆரம்பித்தார்கள். பெத்த பிள்ளைக்கு வேறு ஆள் பெயரில் சர்டிபிகேட் வந்த மாதிரி எனக்கு வயிறு எரிந்தது. திருத்தச் சொல்லி மெயில் போட்டேன். 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. மாதாமாதம் அதே பதில் வந்தது.

அப்பா ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறார். அம்மா போனபிறகு அவராகவே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறார். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான். ஆனால் என் கண்ணாடித் துண்டுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மாதம் ஒருமுறை போனாலே பெரிது. அவர் ஸ்பின்னிங் மில்லில் க்வாலிட்டி செக்‌ஷனில் இருந்தவர். நூல் ஒரே சீராக வருகிறதா என்று மெஷின் வரைகிற கோட்டைப் பார்த்துச் சொல்கிற வேலை, முப்பது வருஷம். போனில் இந்தப் பெயர் விவகாரத்தைச் சொன்னேன். அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏட்டி, எம்பேரு போட்ருக்குன்னா ஒரு காப்பி எனக்குக் குடு. நாளப்பின்ன எவனும் கேள்வி கேட்டு வந்தா, நான் என்னத்தன்னு சொல்ல?"

பத்தொன்பது

எங்கள் நூலகர் மேடத்துக்கு ஒரு வேலை உண்டு. யார் பேப்பரை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பட்டியல் போட்டுக் கொடுப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கோமதி, உங்க பேப்பருக்குப் பத்தொன்பது சைட்டேஷன்" என்றார். பத்தொன்பது! எங்கெங்கோ பத்தொன்பது பேர் என்னைப் படித்திருக்கிறார்கள்! அன்று சாயங்காலம் அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அறையில் உட்கார்ந்து நானே கால் கிலோ தின்றேன். மீதியை மறுநாள் நூலகர் மேடத்திடம் நீட்டினேன். அவர் டப்பாவை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு பட்டியலை என் பக்கம் திருப்பினார். என் பேப்பர் தொடங்குவது நூற்று எழுபத்தாறாம் பக்கம். பட்டியலில் அத்தனை பேரும் நூற்று அறுபத்தேழு என்று போட்டிருந்தார்கள். முதலில் ஒருவர் தப்பாக அடித்திருக்கிறார். மீதிப் பதினெட்டுப் பேரும் அதை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் பேப்பரை ஒருத்தரும் திறக்கவில்லை. திறந்திருந்தால் சரியான பக்கம் கண்ணில் பட்டிருக்கும்.

போகட்டும், அந்த முதல் ஆளாவது படித்திருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அவருடைய முகவரியைத் தேடி எடுத்து, வெட்கத்தை விட்டு ஒரு மெயில் எழுதினேன். என் பேப்பரில் உங்களுக்கு எந்தப் பகுதி உபயோகமாக இருந்தது என்று கேட்டேன். ரெண்டே நாளில் பதில் வந்தது. நல்ல மனுஷன், மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

"தங்கள் கட்டுரையின் சுருக்கம் மட்டுமே கிடைத்தது, சிரமம் பார்க்காமல் முழுக் கட்டுரையையும் அனுப்பிவைத்தால் கண்டிப்பாகப் படிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை லேப்புக்குப் போகவில்லை. சாகிற விளக்கு யாரும் அளக்காமலே சாகட்டும் என்று ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன். அப்பா குழம்பு வைத்திருந்தார். உப்பு கூடுதல், நான் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து என் பேப்பரை எடுத்து வந்தார். முந்தின தடவை வந்தபோது நான் கொடுத்துவிட்டுப் போன காப்பி. ஓரமெல்லாம் மடங்கி, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. இங்கிலீஷில் தெரியாத வார்த்தைக்கெல்லாம் கீழே கோடு போட்டிருந்தார். அனேகமாக எல்லா வார்த்தைக்கும் கீழே கோடு இருந்தது. "எழுத்து நமக்கு ஏறலை. கோடு மட்டும் பார்த்தேன்" என்றார்.

நாலாவது பக்கத்தைத் திருப்பினார். என் விளக்கு மணிக்கு மணி மங்கிப்போவதைக் காட்டுகிற படம். "ஏட்டி, இங்க செத்த பாரு. கோடு ஒரே சீரா இறங்கி வருது. இந்த எடத்துல மட்டும் பொட்டுன்னு ஏறி, பொறவு இறங்குது. ஓடிக்கிட்டே இருக்க மெஷினு இப்படிக் காட்டாது. நின்னுருக்கு. செத்த நேரம் ஓய்வு கிடைச்சு, கொஞ்சம் தெம்பா மறுபடி ஓடியிருக்கு." அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். எறும்பு கடித்த அளவு ஒரு மேடு. பேப்பரில் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. வெளியிடுமுன் சரிபார்க்கப் பத்திரிகை நியமித்த நிபுணர்கள் கேட்கவில்லை, கூட எழுதிய ஐந்து பேர் கேட்கவில்லை, பத்தொன்பது பேர் கேட்கவில்லை. "கரண்ட் போச்சுப்பா" என்றேன். "எம்புட்டு நேரம்?" "நாப்பது நிமிஷம்." "கூட யாரு இருந்தா?" "யாருமில்லப்பா. இருட்டுல உக்காந்திருந்தேன்." அப்பா பேப்பரை மூடி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கொரு போன் போட்ருக்கலாம்லட்டி, கரண்டு வருத வரைக்கும் பேசிக்கிட்டிருந்திருப்பேன்."

ஆக, என் பேப்பரை எழுதியதாகச் சொல்லிக்கொள்பவர்கள் ஆறு பேர், மேற்கோள் காட்டியவர்கள் பத்தொன்பது பேர், படித்தவர் ஒரே ஒருவர் என்று ஆனபிறகு, அதைச் சங்கரலிங்கம் பெயரிலிருந்து மாற்றச் சொல்லிப் போட்ட விண்ணப்பத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.