ஆளுக்குக் கட்டம் இல்லை

இது நடந்த கதை. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. சரி, முறைக்காதீர்கள், அங்கங்கே கொஞ்சம் ஊதியிருப்பேன், எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் ஆலை. இரண்டு பாய்லர். ஒன்றைப் பார்ப்பவருக்கு ‘நீராவி’ என்றே பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடம் அனலில் வெந்தவர். அவர் பெருமூச்சு விட்டால் எதிர்ச்சுவர் வியர்க்கும். இன்னொன்று அவர் தங்கை புருஷன் கையில்.

பூமி சூடாகிறது என்று சர்க்கார் சட்டம் போட்டது: ஆறு மாதத்தில் புகை மூன்றில் ஒரு பங்கு குறையாவிட்டால் ஆலைக்கு லைசென்ஸ் கிடையாது. மேனேஜர் குழு அமைத்தார். குழு கூடியது, டீ குடித்தது, ‘விளக்கை அணைக்கவும்’ என்று நாலாயிரம் ஸ்டிக்கர் ஒட்டியது. கழிவறைக் கண்ணாடியில்கூட முகம் தெரியவில்லை. நான்கு மாதம் ஓடியும் நிலக்கரி ஒரு கூடை குறையவில்லை.

காரணம் நீராவிக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் முனையைக் குழாய் வால்வில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பார். நல்ல வால்வு விட்டுவிட்டு ‘டக்’ என்னும். கெட்டது ஆவியை வீணாக வெளியே விட்டு ஓயாமல் சீறும். அறுபதில் நாற்பது சீறின. பத்து வருடம் சொல்லி, அலுத்துப்போய் விட்டுவிட்டார். இப்போது சொன்னால் கேட்பார்கள். ஆனால் ஓட்டையை அடைத்தால் ஒரு பாய்லரே போதும். அப்புறம் மாப்பிள்ளை எதற்கு? சொல்லாவிட்டால் ஆலையே இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மூன்று வாரம் தூக்கமில்லாமல் உழன்றவர், மேனேஜர் அறைக்குப் போனார்.

“சார், ஓட்டையெல்லாம் நான் காட்டுறேன். ஆனா மாசாமாசம் காது வச்சுக் கேக்க ஒரு ஆள் வேணும். எங்க மாப்பிள்ளையப் போட்டுடுங்க. இல்லன்னா மறுபடியும் சீறும்.”

“நல்ல யோசனைதான் நீராவி. ஆனா ரிப்போர்ட்ல கரிக்குக் கட்டம் இருக்கு, புகைக்குக் கட்டம் இருக்கு. ஆளுக்குக் கட்டம் இல்லையே.”

“கட்டம் போட நாலு கோடு போதுமே சார்!”

மேனேஜர் சிரித்தார். கோடு போடவில்லை.

நீராவி அன்றைக்கே சாக்பீஸை எடுத்து நாற்பது வால்விலும் குறி போட்டார். குறி போட்டதையெல்லாம் மாற்றினார்கள். புகை குறைந்தது, லைசென்ஸ் வந்தது, ஆலைக்குக் கேடயம்கூட வந்தது. இரண்டாவது பாய்லர் ஆறியது. மாப்பிள்ளையை அனுப்பிவிட்டார்கள்.

தங்கை வீட்டு வாசலில் போய் நின்றார்.

“ஏண்ணே, அத்தனை பேர் வேலை செய்யிற இடத்துல அந்தச் சத்தம் உன் காதுக்கு மட்டும்தான் கேட்டுச்சா?”

“விடும்மா, அவரு என்ன பண்ணுவாரு? உள்ள வாங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை. திட்டியிருந்தால் தேவலை. உட்கார்ந்த மனிதருக்கு எழுந்திருக்க ஒரு யுகம் பிடித்தது.

இவ்வளவுதான் சொன்னேன். ஆலை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்கள் இஸ்திரிக்காரர் துள்ளினார்: “எழுதி வாங்காம எவனாவது சாக்பீஸத் தூக்குவானா?”

“எழுதி வாங்குறதுக்குள்ள ஆலையப் பூட்டியிருப்பான். நீ வீட்டுல உக்காந்து எதைத் தேய்ச்சிருப்ப?” என்றாள் துவைக்கிற அக்கா.

“உன் புருஷன் வேலை போயிருந்தா இப்படிப் பேசுவியா?”

“என் புருஷன எதுக்குய்யா இழுக்கிற?”

இருவரும் ஒரே வேகத்தில் எழுந்ததில் பெஞ்சு சாய்ந்தது.