வைனுக்காக உட்கார்ந்தவள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். காரைக்குடியில் இரும்புக் கடை வைத்து, சொந்த உழைப்பில் வீடு கட்டி, எட்டுப் பேர் உட்காரும் தேக்கு மேசையும் போட்டேன். அந்த மேசையைக் காட்டாமல் எந்த விருந்தாளியையும் அனுப்பியதில்லை.

போன கிறிஸ்துமஸ் மதியம் மருமகள் அந்த மேசையில் ஒரு வைன் பாட்டிலை வைத்தாள். "நான் பாக்காத வைனா?" என்று டம்ளரை நீட்டினேன்.

"எல்லாரும் உக்காந்தாத்தான் மாமா ஊத்துவேன். எங்க வீட்டுல அப்படித்தான்," என்றாள்.

என் மனைவி செசிலி மட்டும் கரண்டியோடு நின்றாள். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, கடைசியில் தனியாகச் சாப்பிடுவதுதான் அவள் வழக்கம்.

"நீங்க குடிங்க. நான் பெறகு சாப்பிட்டுக்கிறேன்."

எனக்கோ நாக்கு ஊறியது. "அட, உக்காருடி. ஒன்னாலதான் பாட்டில் தெறக்காமக் கெடக்கு," என்று அதட்டினேன்.

உட்கார்ந்தாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நாவப்பழம் மாதிரித் தொண்டையப் பிடிக்குதே," என்று முகத்தைச் சுளித்தாள்.

மருமகள் சிரித்தாள். "கோழிக் குழம்போட ஒரு வாய் சாப்பிட்டுட்டுக் குடிங்க அத்தை," என்று செசிலியின் சோற்றில் குழம்பை ஊற்றினாள். ஆவி பறந்தது.

செசிலி ஒரு கவளம் வாயில் வைத்தாள். "ஏங்க, நம்ம குழம்பு சூடா இருக்கறப்ப இம்புட்டு நல்லாவா இருக்கும்?"

வைனைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்ல வாயெடுத்த நான், டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் குழம்புக் கரண்டியை எடுத்தேன்.

இப்போதெல்லாம் வைன் இருக்கிறதோ இல்லையோ, அவள் உட்காராமல் நான் சோற்றில் கை வைப்பதில்லை. அவளுக்கு முதல் கரண்டி ஊற்றுவது நான்தான். கொஞ்சம் சிந்தத்தான் செய்கிறது. ஆனாலும் சூடு ஆறாமல் பரிமாறுவதில் இந்தக் காரைக்குடியில் என்னை மிஞ்ச ஆளில்லை.