மழைக்கு முந்திய சங்கு

ஈப்போ விமான நிலையத்தில் மின்னல் எச்சரிக்கைச் சங்கு அலறுகிறது. எங்கள் பெட்டிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு உள்ளே ஓடி வருகிறார்கள். வெளியே இன்னும் ஒரு துளி விழவில்லை.

"மழையே வரல, அதுக்குள்ள என்ன ஓட்டம்? போய் ஏத்துங்க!" என்று அவர்களில் ஒருவரிடம் கத்துகிறேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். "எஸ்டேட்ல எங்கப்பா செத்ததும் மழைக்கு முன்னாடிதாண்ணே. மழைத்தண்ணி கலந்தா ரப்பர் பால் கெட்டுரும்லா. ஓடிப்போய் மரத்துல கட்டியிருக்க மங்குல வடிஞ்ச பால எடுத்துட்டு வான்னு கங்காணி வெரட்டுனாரு. மரத்தடியிலயே இடி விழுந்துருச்சு. இந்த மாதிரி சங்கெல்லாம் அங்க ஏது?"

கண்ணாடிக்கு அப்பால், சுண்ணாம்புக் குன்றின்மேல் மின்னல் வெட்டுகிறது. அந்தக் கங்காணியும் என்னைப் போலத்தான் கத்தியிருப்பார்.