சுண்ணாம்பு வட்டத்துக்குள்ள ரெண்டு முட்டை

ஜல்லிக் கிடங்குல ராக்காவல் பாக்குற அம்மாவுக்கு லாரிக்காரங்க வெச்ச பேரு முழிப்பு அத்தை. பன்னெண்டு வருஷமா ராத்திரி கண்ண மூடினதில்ல. பகல்ல அரைத் தூக்கம். அதனால அவங்க சொல்றது பாதி கனவு மாதிரி இருக்கும். ஆனா பொய் வராது. கிடங்குத் தொழிலாளர் சங்கத்துல சேந்து கையெழுத்து போட்டுட்டு, பின்னால நழுவாத நாலு பேர்ல அவங்க ஒருத்தர்.

அவங்களுக்குத் துணை ஒரு பக்கிக்குருவி. மைனா அளவு, காஞ்ச சருகு நிறம். பகல்ல கல்லோட கல்லா தரையில ஒட்டிக்கிடக்கும். காலடியில இருந்தாலும் தெரியாது. இருட்டினா, சூடு ஆறாத கல்லு மேல உக்காந்து "சக்... சக்... சக்"னு கூப்பிடும். டார்ச் அடிச்சா கண்ணு ரெண்டும் கங்கு. விளக்கச் சுத்துற பூச்சிய அகல வாயால அள்ளிக்கிட்டு சத்தமில்லாம பறக்கும். நிலா வெளிச்சத்துல ஜல்லிக் குவியலெல்லாம் மேகமாட்டம் மிதக்கும், நடுவுல அது நீந்தும்னு சொல்வாங்க அத்தை.

அந்தக் குருவி கூடு கட்டாது. ஒரு ராத்திரி வெறுந்தரையில ரெண்டு முட்டை. லாரி ஏறிடக் கூடாதேன்னு அத்தை சுத்தி சுண்ணாம்புத் தூள் போட்டு வட்டம் இழுத்தாங்க.

அங்கதான் தப்பு. சுண்ணாம்பு வட்டம்னா "லோடு இங்க கொட்டு"ன்னு அர்த்தம். சாயங்காலம் போடுற வட்டம் ராத்திரி பூரா வெறுமையா கிடக்கும், கொட்டுறது விடிஞ்சப்புறம், அத்தை வீட்டுக்குப் போனப்புறம். யாரும் மிதிக்கக் கூடாத இடம்னு பன்னெண்டு வருஷமா நெனச்சுட்டு இருந்தாங்க அத்தை.

விடிஞ்சதும் முதல் லாரி பின்னால நகந்து நேரா வட்டத்துக்கே வந்துச்சு. வீட்டுக்குக் கிளம்பின அத்தை, பையோட ஓடிவந்து குறுக்க நின்னாங்க.

"நகருங்க அத்தை. தூக்கத்துல நடக்குறீங்களா?"

"கொட்டுறதுன்னா என் தலையில கொட்டு."

"வட்டம் யாரு போட்டது?"

"நான்தான்."

"கொட்டச் சொல்லி வட்டமும் போட்டு, மறிக்கவும் செஞ்சா? விருந்துக்குக் கூப்பிட்டு வீட்டப் பூட்டின கதையால்ல இருக்கு."

அத்தைக்கு அப்பதான் வெளங்குச்சு. அதுக்குள்ள குருவி டயர்கிட்ட எகிறி விழுந்து, ஒரு றெக்கையை இழுத்துக்கிட்டு நொண்டுச்சு. டிரைவர் பதறி இறங்கி அது பின்னாலயே போனாரு. பத்தடி, இருபதடி. சட்டுனு பறந்துடுச்சு.

"நடிப்புப்பா. முட்டையை விட்டு உன்னைத் தள்ளிக் கூட்டிட்டுப் போச்சு."

"அதுவும் சரி, நீங்களும் சரி, என்னை நல்லா அலைய விடுறீங்க," தலையச் சொறிஞ்சாரு டிரைவர். வட்டத்தக் காலாலயே அழிச்சாரு. ரெண்டு பழைய டயர உருட்டிவந்து முட்டைக்கு ரெண்டு பக்கமும் வெச்சாரு. லோட வேற பக்கம் கொட்டினாரு.

பதினேழாம் நாள் ராத்திரி, டயருக்கு நடுவுல சின்னக் கல்லு ஒண்ணு நகந்துச்சு. பக்கத்துல இன்னொண்ணு. அத்தை கண்ணக் கசக்கிக்கிட்டாங்க. கல்லு ரெண்டும் அம்மாக்குருவி பின்னால தத்தித் தத்திப் போச்சு.