துக்குணியூண்டு சோறு

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பலகாரக் கடையில், பல்லில்லாத வாயோடு மிக்சரை வெறித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரப் பெண் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "துக்குணியூண்டு துன்னு பாரு தாத்தா, பல்லு மொளைக்கும்!" சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். மிக்சரைத் தின்னாமல் உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கியவன் நான். மூட்டையில் போட்டிருந்த மார்க்கைப் பார்த்துத்தான் எழுத்தே கற்றேன். இன்றைக்கும் என் கையெழுத்து முதுகு வளைந்துதான் நிற்கும். ஆனால் 'கொஞ்சம்' என்பதைச் சொல்ல எங்களிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை. துளியூண்டு, இத்துனூண்டு, துக்குணியூண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் தம்மாத்தூண்டு. அதற்கும் அடியில் இருப்பதை, அதாவது 'இல்லை' என்பதை, வீட்டில் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் லட்சுமி போய்விடுவாளாம். எங்கள் வீட்டுக்கு வந்தால்தானே போக! உப்புச் சட்டி காலியானாலும் "துக்குணியூண்டு கீது" என்பதுதான் வழக்கம்.

என் பெண்டாட்டி அஞ்சலை விழுப்புரத்துக்காரி. அரிசிக்கு வரிசையில் நின்ற அறுபதுகளின் காலம் அது. அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். நான் மண்டியிலிருந்து வந்ததும் வட்டில் நிறையச் சோற்றைப் போட்டு முன்னால் நகர்த்துவாள்.

"உனுக்குடி?"

"எனுக்குத் துக்குணியூண்டு கீது. நீ துன்னுய்யா."

"துக்குணியூண்டு துன்றதுக்கு, ஊட்டுல பூனையா வளக்கறேன்?"

"நீ பூனை வளக்கல, நாந்தான் கழுதை வளக்கறேன். ஜல்தி துன்னு!"

சிரித்துக்கொண்டே தின்பேன். அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவனுக்கு அவள் சொன்னது விளங்காதா? விளங்கியது. மூட்டை தூக்கிய பசிக்கு, விளங்காத மாதிரி இருப்பது சௌகரியமாக இருந்தது. ஒரு நாள்கூடப் பானை மூடியை எடுத்துப் பார்க்கவில்லை.

எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனேன். பிள்ளையும் தங்கவில்லை, அவளும் தங்கவில்லை. "ஒடம்புல ரத்தமே இல்லியேப்பா, என்னா சாப்ட்டுக்கினு இருந்துச்சு?" என்று நர்சம்மா கேட்டது. மண்டியையே சிரிக்க வைக்கிற வாய் இது. அன்றைக்கு அதைத் துண்டால் பொத்திக்கொண்டேன்.

திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். வாய்க்கரிசி போடும் நேரம். அரிசி எடுக்கப் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா உள்ளே போனாள். பானை மூடி எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்ப மூடுகிற சத்தமும் கேட்டது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போய், முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டு வந்தாள்.

மண்டி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ரேஷனில் அரிசி சும்மாவே தருகிறார்கள். ஒற்றை வயிறு, தின்று தீரவில்லை. போன மாத அரிசியில் வண்டு ஓடுகிறது.