ஆறரை மணிக் கூட்டமும் பைன் காட்டுப் பறவையும்

போன புதன்கிழமை ஒரு பறவைக்காக நடந்த கூட்டத்துக்குப் போனேன். அதற்கு ஆதரவாக அல்ல... எதிராக.

நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், விட்பி நகருக்கு வடக்கே ஒரு பைன் காடு இருக்கிறது. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல் ஒவ்வொரு ஜூலையும் அங்கேதான். கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, கொத்து ரொட்டி எல்லாம் அந்த நிழலில்தான் நடக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தலைவர் நித்தியண்ணை. அதைச் சொல்லியே ஒவ்வொரு தேர்தலிலும் வெல்பவர்.

அந்த இடத்துக்கு இப்போது ஆபத்து. காட்டைப் பராமரிப்பவர்கள் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். நெருக்கமாக நிற்கும் பைன் மரங்களில் பாதியை வெட்டி வெளிச்சம் விடுவது. மே தொடக்கம் ஜூலை முடியும்வரை ஆட்கள் போகாமல் மறிப்பது. யாருக்காக? விப்பர்வில் என்ற பறவைக்காக. இருட்டினால் கத்தித் திரியும் நம்மூர்ப் பக்கிக் குருவிக்குச் சொந்தம். கூடு கட்டுகிற பழக்கமே இல்லை — நிலத்துச் சருகிலேயே முட்டையிடும்.

"பச்சை மரத்தை வெட்டிப்போட்டுக் குருவி வளர்க்கப் போயினமாம்" என்று நித்தியண்ணை போனில் கொதித்தார். "ஆக்களோட போய்க் கதைக்கோணும். நோட்டீஸில ஆறரை எண்டு கிடக்கு. நாங்கள் ஏழரைக்கு நிண்டாக் காணும்."

நீங்கள் எத்தனை மணிக்குப் போயிருப்பீர்கள்? பொய் சொல்ல வேண்டாம். அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரம் நமக்குக் குளிக்கப் போகிற நேரம்தானே?

ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலைந்து கார் நிறைய ஆட்கள். கூடவே நித்தியண்ணையின் மனைவி சுகி அக்கா பொரித்த மட்டன் ரோல்ஸ், இரண்டு ட்ரே. மண்டபத்தில் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் காட்டின் பெரிய வரைபடம். வந்தவர்கள் அதில் ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டுமாம். பறவைக்கு என்றால் பச்சை, பிக்னிக்குக்கு என்றால் மஞ்சள். நாங்கள் கொத்து ரொட்டி போடும் இடம் முழுவதும் பச்சை. மஞ்சள் மருந்துக்கும் இல்லை.

"சொறி அங்கிள், செவனுக்கே க்ளோஸ் பண்ணிட்டம்" என்றாள் திட்டத்துக்குப் பொறுப்பான அபிரா. இங்கே பிறந்த நம் பிள்ளை.

நித்தியண்ணை குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, மஞ்சள் ஸ்ரிக்கர் மிச்சம் கிடக்கே?"

"கிடக்கு அங்கிள். பட் அது ஃபெயர் இல்லை."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஞாயிறுதான் சங்கப் பொதுக்கூட்டமும் தலைவர் தெரிவும். இடம் போனால் பதவியும் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோறதே?" என்று சுகி அக்கா ட்ரேயைத் திறந்தார். அவ்வளவுதான். கார் வரை போய்விட்ட பறவை ஆர்வலர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்கள்.

அபிரா ரோல்ஸைக் கடித்தபடி விளக்கினாள். "மரம் நெருக்கமா நிண்டா நிலத்தில வெளிச்சம் விழாது. புல், பத்தை வராது. பூச்சியும் வராது. பூச்சி இல்லாட்டி இந்த பேர்டும் வராது."

"நுளம்பும் தின்னுமே?" என்று கேட்டார், ஒவ்வொரு பிக்னிக்கிலும் கொசுக்கடி படுகிற நித்தியண்ணை.

"கொஞ்சம் தின்னும், அங்கிள்."

"அப்ப எங்கட ஆள்தான்" என்றார்.

பக்கத்தில் மார்கரெட் என்றொரு பெண்மணி. ஒவ்வொரு மே மாதமும் அந்தக் காட்டோரம் காரை நிறுத்திவிட்டு இந்தப் பறவையின் குரலுக்குக் காத்திருப்பவர். குளிருக்கு மெக்சிகோப் பக்கம் போகிற பறவை, மே முதல் கிழமை தவறாமல் வந்துவிடுமாம். முன்பெல்லாம் பல குரல்கள் கேட்டதாம். இந்த வருஷம் ஒரே ஒரு ஆண் பறவை. கிழமைக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததாம். பதில் குரல் வரவே இல்லையாம்.

நித்தியண்ணை பாதி ரோல்ஸோடு நின்றுவிட்டார். "தனியவோ?" என்றார் தமிழிலேயே.

சுகி அக்கா அவருடைய ஸ்பொன்சரில் ஊரிலிருந்து வந்து சேரும்வரை ரெக்ஸ்டேலில் ஒரு அறையில் தனியே கிடந்தவர் அவர். டெலிபோன் கார்டும் கையுமாக, கிடைக்காத லைனுக்கு ஒவ்வொரு பின்னேரமும் அடித்துக்கொண்டிருந்தவர். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, சுகி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, குஞ்சுகள் எப்ப பறக்கும்?"

"ஓகஸ்ட்டில எல்லாம் பறந்திடும்."

"அப்ப எங்கட பிக்னிக் ஓகஸ்ட் கடைசி ஞாயிறு. எழுதும்."

ஒரு திட்டத்தை எதிர்க்கப் போகிறவர்களுக்கு என் அனுபவ அறிவுரை இதுதான். நேரத்துக்குப் போங்கள். எதிர்த்தரப்போடு சேர்ந்து சாப்பிடாதீர்கள். நாங்கள் இரண்டிலும் கோட்டை விட்டோம்... நல்லகாலம்.

ஞாயிறு பொதுக்கூட்டம். ஒரு மணி என்றால் ஒரு மணிக்கே தொடங்கிவிட்டார் மனிதர். சங்க வரலாற்றில் இது முதல் தடவை. ஓகஸ்ட் என்று அறிவித்தார். "நிழலுக்கு என்ன செய்யிறது?" என்று ஒருவர் கேட்டார்.

"பாதி மரம் நிக்கும். மிச்சத்துக்குக் கூடாரம் அடிப்பம்."

தலைவர் தெரிவு வந்தது. போட்டியிடப் போவதாகச் சொல்லித் திரிந்தவர் வந்து சேர்ந்தபோது நித்தியண்ணை நன்றியுரையே சொல்லி முடித்திருந்தார்.

நேற்று போன் எடுத்தார். அடுத்த வருஷம் மே முதல் கிழமை மார்கரெட்டோடு காட்டுக்குப் போகிறாராம். என்னையும் கூப்பிட்டார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"பொழுதுபட முன்னம் நிக்கோணும். பிந்திக் கிந்தி வந்திடாதை... அது சொன்ன நேரத்துக்கு வாற ஆள்."