கொட்டேஷன் அக்காவின் கேள்வி

அந்த ஆஸ்பத்திரியின் ஸ்டோருக்குச் சாமான் விற்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அவளை ஒரே பெயரில்தான் தெரியும்: கொட்டேஷன் அக்கா. படுக்கை விரிப்போ, சோப்போ, வாளியோ, எதை வாங்குவதானாலும் மூன்று கடையில் விலை கேட்காமல் அவள் பேனாவைத் திறக்க மாட்டாள். விலையைக்கூட அப்புறம்தான் பார்ப்பாள். வந்தவர் தன் சரக்கின் பெருமையை மூச்சு விடாமல் பாடி முடித்ததும், மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"எல்லாம் சரி. சரக்கு திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எங்க சரக்கு திரும்பியே வராது மேடம்" என்று மார்தட்டுகிறவருக்கு ஒரு காபி உண்டு, ஆர்டர் கிடையாது. "போன வருஷம் கொஞ்சம் வாளி விரிசல் விட்டுத் திரும்பி வந்துச்சுக்கா, மறுநாளே மாத்திக் குடுத்துட்டோம்" என்று தலையைச் சொறிகிறவருக்குத்தான் ஆர்டர். இந்தக் கணக்கில் அவள் ஏமாந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாந்தது குறைவு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தலைகீழாக நின்று வேலை பார்ப்பவர்; ஆனால் மனசு வெண்ணெய். கல்யாணமாகிப் பல வருஷம் டாக்டர்களிடம் அலைந்து, கடைசி டாக்டரும் கையை விரித்த பிறகு, ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் கேட்டார்: "நாம ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாமா?"

"ஒரு வருஷமா இதைக் கேக்கத்தாங்க நான் வாயைத் திறந்து திறந்து மூடறேன்" என்றாள் அவள். இரண்டு பேரும் அழுதார்கள். பழியை வெங்காயத்தின் மேல் போட்டார்கள்.

மறுநாள் காலையில் அக்கா பழையபடி அக்காவாகி விட்டாள். "மூணு இடம் பார்க்கணும்" என்றாள். மெக்கானிக் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் இடத்தைச் சொன்னது நாத்தனார். "தெரிஞ்ச இடம் அண்ணி, அலைய விட மாட்டாங்க" என்றாள். கண்ணாடிக் கதவு, ஜில்லென்ற அறை, சுவர் முழுக்கச் சிரிக்கிற குழந்தைகள். டை கட்டியவர் ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். "எல்லாம் சேர்த்து ஒரே தொகைங்க. மூணு மாசத்துல கையில குழந்தை" என்றார்.

"அந்தத் தொகையில என்னென்ன அடக்கம்?"

"அதையெல்லாம் எதுக்கு மேடம் பிரிச்சுப் பார்த்துக்கிட்டு? பாதிக்கு ரசீது தர்றோம். பாதி உங்க அன்பளிப்பு."

அரசாங்க உரிமத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். குழந்தையின் பெற்ற தாய் எழுதிக் கொடுத்த சம்மதம் இருக்குமா என்று கேட்டாள். அதெல்லாம் அவர்கள் பொறுப்பாம். கடைசியாகத் தன் வழக்கமான கேள்வியை, கொஞ்சம் தயங்கித்தான், கேட்டாள். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். குழந்தை எங்கேயாவது ஒட்டாமப் போயி திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நம்ம சரித்திரத்துலயே அது கிடையாது மேடம்!"

இதைச் சொல்லிக்கொண்டே டைக்காரர் தன் செல்போனை மெக்கானிக் பக்கம் நீட்டினார். முஷ்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்த ஒரு பிஞ்சு. அவ்வளவுதான், மனிதர் அங்கேயே விழுந்து விட்டார். படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. அவர்கள் வீட்டில் சண்டை என்பது அபூர்வம். அதனால் இரண்டு பேருக்கும் சரியாகச் சண்டை போடவும் தெரியவில்லை.

"நீ வாங்கப் போறது சோப்பு இல்லம்மா" என்றார் அவர். "குழந்தை."

"சோப்பையே ரசீது இல்லாம வாங்க மாட்டேங்க. இது யாரு பெத்த குழந்தை, அவ மனசறிஞ்சு குடுத்தாளா, இல்ல பிடுங்கிட்டு வந்தாங்களான்னு தெரியாமத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா? நாளைக்கு அந்தப் பொண்ணு நம்ம வாசல்ல வந்து நின்னா, கதவைத் திறக்கப் போறது யாரு?"

அவர் படத்தை அழிக்கவில்லை. அவள் மட்டும் என்ன கல்லா? மறுநாள் ஸ்டோரில், மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் போய் நின்று நன்றாக அழுதாள். அந்த முஷ்டி அவள் கண்ணை விட்டும் போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டாவது இடத்துக்குப் போன் போட்டாள்.

இரண்டாவது இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உரிமம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. கட்டண விவரத்தை அச்சடித்தே கையில் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மேலாளர் அம்மாளின் முகம் சிவந்தது.

"குழந்தையைப் பத்திக் கேக்கற கேள்வியா இது? எடுக்கறதுக்கு முன்னாடியே திருப்பிக் குடுக்கற யோசனை வந்துடுச்சா உங்களுக்கு?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எத்தனையோ வியாபாரிகளைக் கேள்வி கேட்டுத் திணற அடித்தவள், வெளிப் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். 'எனக்கு அம்மாவாகிற மனசே இல்லையோ? எதைப் பார்த்தாலும் சரக்காகத்தான் தெரிகிறதோ?' என்று ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. இனிமேல் அந்தக் கேள்வியை எங்கேயும் எடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள்.

மூன்றாவது இடம் காரை உதிர்ந்த ஒரு பழைய கட்டடம். மாடிக்குப் போகிற வழியில் குட்டிக் குட்டிச் செருப்புகள் இறைந்து கிடந்தன. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்க விட்டிருந்த சமூகப் பணியாளர் ஒருவர் அவர்களை உட்கார வைத்து, அவசரமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

முதலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அவரே வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஒருமுறை அல்ல, சொல்லாமலும் வருவார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்று, வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்று, சம்பளச் சான்று எல்லாம் வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தால், இவர்களுக்கு ஏற்ற குழந்தை எது என்று நிர்வாகம் உட்கார்ந்து யோசிக்கும். குழந்தை கொஞ்ச காலம் இவர்களோடு வளர்ப்பில் இருக்கும். அதற்கப்புறம்தான் நீதிமன்றம். உத்தரவு வந்த பிறகும் இரண்டு வருஷத்துக்கு அவர் வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

"செலவு?" என்றாள் அக்கா.

"பதிவுக்கு, வீட்டு ஆய்வுக்கு, குழந்தையோட மருத்துவப் பரிசோதனைக்கு, வக்கீலுக்கு. நாலுக்கும் தனித்தனி ரசீது. அந்தந்தக் கட்டம் வரும்போது கட்டினாப் போதும். குழந்தைக்குன்னு நாங்க ஒரு காசு வாங்கறதில்லைங்க. குழந்தைக்கு விலை கிடையாது. வேலை செய்யறவங்களுக்கும் பேப்பருக்கும்தான் செலவு."

கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை. டைக்காரர் கேட்டதில் கால்வாசி. அக்காவின் உதடு வரை அந்தக் கேள்வி வந்தது. விழுங்கிக்கொண்டு கைப்பையை மூடினாள்.

அப்போது மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு கேக்கணுங்க. இவ கேக்க வேண்டியது. போன இடத்துல திட்டு வாங்கினதுல வாயை மூடிக்கிட்டா. குழந்தை திரும்பி வந்தா என்ன பண்ணுவீங்க?"

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணியாளர் கண்ணாடியைக் கழற்றினார். கயிற்றில் அது தொங்கி ஆடியது. "திரும்பி வந்திருக்குங்க" என்றார். "ரெண்டு தடவை. ஒண்ணு என் தப்பு. அந்த வீட்டுக்கு ஒரே தடவைதான் போய்ப் பார்த்தேன். நல்ல வீடு, நல்ல மனுஷங்க, போதும்னு நினைச்சேன். பொண் குழந்தை, நாலு வயசு. ஏழு மாசத்துல கூட்டிட்டு வந்து விட்டுட்டாங்க. கையில கிடைச்சதையெல்லாம் போட்டு உடைக்கறான்னு புகார். அன்னிலேந்துதான் சொல்லாம வீட்டுக்குப் போற பழக்கத்தை வச்சுக்கிட்டேன்."

மாடியில் யாரோ தடதடவென்று ஓடினார்கள்.

"எங்க பேரைப் பதிஞ்சுக்குங்க" என்றாள் அக்கா.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது மெக்கானிக் போனை எடுத்து அந்தப் படத்தை அவளிடம் காட்டினார். பிறகு அதை அழித்தார். அதோடு நிற்கவில்லை, உரிமம் இல்லாமல் நடக்கும் அந்த இடத்தைப் பற்றிக் குழந்தைகள் நலத் துறைக்குப் புகாரும் அவர்தான் எழுதிப் போட்டார். நாத்தனார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பணியாளர் சொன்னபடியே சொல்லாமல் வந்தார். ஒருநாள் அவர் வந்தபோது வீடு தலைகீழாகக் கிடந்தது, மெக்கானிக் கிழிந்த பனியனோடு ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பணியாளர் ஃபேன் இறக்கைகளைத் தாண்டி வந்து உட்கார்ந்து, அவள் கேள்வியை அவளிடமே கேட்டார்.

"குழந்தை என்ன பண்ணினா உங்களுக்குத் திருப்பி அனுப்பத் தோணும்?"

மற்றவர்களாக இருந்தால் 'ஐயோ, அப்படித் தோணவே தோணாது' என்றிருப்பார்கள். அந்தப் பதிலைச் சொன்னவர்களுக்கெல்லாம் தான் காபி மட்டும் கொடுத்து அனுப்பியது அக்காவுக்கு நினைவு வந்தது.

"தெரியலைங்க" என்றாள். "திருப்பி அனுப்பறதுதான் என் வேலையே. அதனால தோணாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தோணினா, அந்த நிமிஷமே முதல் போன் உங்களுக்குத்தான். ஒளிச்சு வைக்க மாட்டேன்."

பணியாளர் எதையோ எழுதிக்கொண்டு போய் விட்டார். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் கெடுத்துட்டியேம்மா!"

கெடுக்கவில்லை. சில மாதம் கழித்துப் போன் வந்தது. "நீங்க மூணு வயசுக்குள்ளன்னு எழுதிக் குடுத்தீங்க. இந்தப் பொண்ணுக்கு ஆறு. அன்னிக்குச் சொன்னேனே, ஏழு மாசத்துல திரும்பி வந்த பொண்ணு, அவதான். வேண்டாம்னா தப்பே இல்ல. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர்கள் ஒரு வாரம் யோசித்தார்கள். பயந்தார்கள் என்பதும் உண்மை. போய்ப் பார்த்தார்கள், மறுபடி போனார்கள், நாலாவது தடவை அந்தப் பெண் மெக்கானிக்கின் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டு வாங்கி, உடைந்த பொம்மைக் காரின் சக்கரத்தைத் தானே மாட்டினாள். அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்த சின்னவள் எதையும் உடைக்கவில்லை. அதுதான் அக்காவுக்கு உறுத்தியது. தண்ணீர் குடிக்கக்கூட டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். நடக்கிற சத்தம் கேட்காது. விருந்தாளி மாதிரி இருந்தாள், புறப்படப் போகிற விருந்தாளி மாதிரி.

நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வந்து நின்றாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டா, அப்புறம் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டீங்களா?"

"மாட்டோம்."

"டம்ளரை உடைச்சா?"

"பெருக்குவோம்."

"இன்னொண்ணு உடைச்சா?"

"இன்னொரு தடவை பெருக்குவோம்."

"எல்லாத்தையும் உடைச்சா?"

அக்கா துணியைக் கீழே வைத்தாள். "ஸ்டீல் டம்ளர் வாங்குவோம். மூணு கடையில விலை கேட்டு."

சின்னவள் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குள் போனாள். ஒரு டம்ளர் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்டது. கை தவறி விழுந்த சத்தம் இல்லை அது. மெக்கானிக் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். அக்கா கையமர்த்தினாள்.

சமையலறை வாசலில் நின்று அவள் முதலில் தன் மனசைத் தேடினாள். பணியாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தாளே, தோன்றினால் உடனே சொல்வதாக. மூலை முடுக்கெல்லாம் தேடினாள். அப்படி எதுவும் அங்கே இல்லை. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் நிற்கும் அந்த வெறுங்கால்களைப் பற்றிய பதைப்புதான் இருந்தது.

"அசையாதே" என்றாள். போய்ச் சின்னவளைத் தூக்கி மேடை மேல் உட்கார வைத்தாள். கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினாள், சொன்ன மாதிரியே.

சின்னவள் பெருக்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் மிச்சம் இருந்த டம்ளர்களைப் பார்த்தாள். அவற்றை அவள் தொடவில்லை.

"ஸ்டீல் டம்ளர் வாங்கக் கடைக்குப் போகும்போது நானும் வருவேன்" என்றாள்.

"நீ வராமலா?" என்றாள் அக்கா. "கடைக்காரர்கிட்டக் கேள்வி கேக்கப் போறதே நீதான்."